கடைசி வண்டிக்காகப் போடுவதே திட்டம்

(‘பலர் கூடிப் போகும் நெடும்பயணம் நல்லபடியாக முடிய, பெரிதும் வேண்டியது மன ஒற்றுமையா? முன்னேற்பாடா?’ என்னும் பட்டிமன்றத்தில், ‘முன்னேற்பாடே!’ என்ற அணியில் பேசியது. இடம்: செவ்வாய்ப்பேட்டை, சேலம்.)

    

பயணத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாதுங்க. பேட்டைன்னாலே என்ன? நாலு திசையிலிருந்தும் வியாபாரிங்க வண்டி கட்டிக்கிட்டு வந்து சரக்கு இறக்குற இடம். ஆடி மாசம் வந்தா குகையிலயும் இந்தப் பேட்டையிலயும் வண்டி வேடிக்கை. மனுஷன் சாமி வேஷம் போட்டு, சோடிச்ச வண்டியில நின்னு வருவான். ஊரே வேடிக்கை பார்க்கும். மத்த ஊர்ல எல்லாம் வண்டியில ஏறி வேடிக்கை பார்க்கப் போவாங்க. இந்த ஊர்ல வண்டியே வேடிக்கை! (சிரிப்பு)

எனக்கு முன்னால பேசின எதிரணி அம்மையார் அழகாச் சொன்னாங்க. “மனசு ஒத்துப்போனா மரத்தடியில படுத்தாலும் சுகம், திட்டம் போட்டுப் பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போனா அது யாத்திரை இல்ல, ஆபீஸ் வேலை”ன்னாங்க. கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அம்மா, ஒண்ணு கேக்குறேன். மரத்தடியில படுக்கலாம், அந்த மரம் எங்க இருக்குன்னு முன்னாலேயே ஒருத்தன் பார்த்து வெச்சிருக்கணுமா வேணாமா? (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம வீடுகள்ல நடக்கிறதைப் பாருங்க. நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடிச்சுக் கோயிலுக்குப் போறோம். விடியக்காலை அஞ்சு மணிக்கு வண்டின்னு பேச்சு. அஞ்சு மணிக்கு வந்து நிக்கிறது யாரு? டிரைவர் மட்டும்தான்! (சிரிப்பு) அஞ்சரைக்கு ஒருத்தர் வந்து, “எல்லாரும் வந்தாச்சா? அப்ப நான் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன்”ங்கறார். (பலத்த சிரிப்பு) ஆறரைக்கு வண்டி கிளம்பி ஊர் எல்லை தாண்டினதும், “ஏங்க, கேஸை அணைச்சோமா?”ன்னு ஒரு குரல். இத்தனைக்கும் எல்லாரும் சொந்தக்காரங்க, எல்லாரும் பாசக்காரங்க. மன ஒற்றுமைக்கு என்ன குறைச்சல்? குளிக்கப் போனதுகூட ஒரு மனதாகத்தான் போறாங்க! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எங்க அணி சார்புல முதல் சாட்சியா ஔவையாரை அழைக்கிறேன்.

நமக்குப் பக்கத்து ஜில்லா தர்மபுரி. அன்னிக்கு அதுக்குப் பேர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவன் மகன் பொகுட்டெழினியைப் பாராட்டி ஔவையார் பாடின ஒரு பாட்டு புறநானூற்றில் 102ஆம் பாட்டா இருக்கு. பாட்டுல வர்றது உப்பு வியாபாரிங்க. உமணர்னு பேரு. கடற்கரையிலிருந்து உப்பை ஏத்திக்கிட்டு, வரிசையா வண்டி கட்டிக்கிட்டு, மேடும் பள்ளமும் தாண்டி உள்நாட்டுக்கு வருவாங்க. எருதோ இளசு, நுகம் பழகாதது. பாரமோ அதிகம். வழியில என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அதனால வண்டியோட அச்சுக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டி வெச்சுக்கிட்டுப் போறாங்க. அதுக்குச் ‘சேம அச்சு’ன்னு பேரு. ‘நீ சேம அச்சு மாதிரி’ங்கறது அந்த இளவரசனுக்கு ஔவையார் தந்த பாராட்டு.

சேம அச்சுன்னா என்னங்க? நம்ம நாமக்கல் டிரைவரைக் கேளுங்க, டக்குனு சொல்வார். ஸ்டெப்னி! (பலத்த கைதட்டல்) ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால தமிழன் ஸ்டெப்னி இல்லாம வண்டியை எடுக்கலை. ஒரு ராஜகுமாரனைப் புகழ சிங்கம், புலின்னு தேடாம ஸ்டெப்னியை உவமையாச் சொன்னாங்களே, அந்தக் கிழவிக்குப் பயணத்தோட அருமை தெரியும். ஊர் ஊரா நடந்தவங்க இல்லையா?

இன்னொரு சங்க நூல் பெரும்பாணாற்றுப்படை. அதுலயும் உமணர் வண்டி வருது. காடிப் பானையைக் கயிறு போட்டு வண்டியிலேயே கட்டியிருக்காங்க. கைக்குழந்தையோட ஒரு தாய் உக்காந்து மாட்டை ஓட்டுறா. வண்டியிலேயே அடுக்களை, வண்டியிலேயே தொட்டில். இன்னிக்குக் கேரவன்னா சினிமா நடிகர் சாய்ஞ்சுக்கிற வண்டின்னு நினைக்கிறோம். முதல் கேரவன்ல உக்காந்தவ நம்ம உப்புக்காரி! (கைதட்டல்)

பழசை விடுங்க, இன்னிக்கும் நம்ம சீமையில அது நடக்குது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பார்த்திருப்பீங்க. போர் போட வடநாடு முழுக்கப் போகுது. தனியாவா போகுது? கூடவே துணை லாரி. அதுல டீசல், குழாய், அரிசி, பருப்பு, புளி, சமைக்கிறதுக்கு ஒரு ஆள். மாசக்கணக்கில வீடு திரும்பாத பையன்கள். பாஷை தெரியாத ஊர்ல, நடுக்காட்டுல வண்டி நின்னா, “எங்களுக்குள்ள நல்ல ஒற்றுமைங்க”ன்னு சொன்னா வண்டி கிளம்புமா? உதிரி சாமான் இருந்தாத்தான் கிளம்பும்.

அடுத்து, எடப்பாடிக்கு வாங்க. நம்ம சேலம் ஜில்லாதான்.

பழனி மலை மேல ராத்திரி தங்க யாருக்கும் அனுமதி இல்ல. கோடீஸ்வரன் போனாலும் நடை சாத்தினா கீழே இறங்கிடணும். ஆனா வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு ஊர்க் கூட்டத்துக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. எடப்பாடி பருவதராஜ குலத்துக் காவடிக் கூட்டம். முந்நூறு வருஷத்துக்கு மேல இந்த வழக்கம்னு அவங்க சொல்வாங்க. ஆயிரக்கணக்கான பேர் எடப்பாடியிலிருந்து காவடி எடுத்து, காவிரியைத் தாண்டி, கொங்குச் சீமையை நெடுக நடந்து, தைப்பூசக் கூட்டம் வடியற நேரமாப் பார்த்துப் பழனி போய்ச் சேர்றாங்க. அங்க மலை மேலேயே டன் கணக்கில பஞ்சாமிர்தம் தயார் பண்றாங்க.

நடுவர் அவர்களே, நம்ம வீட்டுல ஒரு கிலோ பஞ்சாமிர்தம் பண்ணச் சொன்னாலே ஏலக்காய் இருந்தா கற்கண்டு இருக்காது. ரெண்டும் இருந்தா பண்ற ஆள் இருக்காது! (சிரிப்பு) டன் கணக்கில பண்ணணும்னா யோசிச்சுப் பாருங்க. வாழைப்பழம் என்ன, சர்க்கரை என்ன, பேரீச்சை, தேன், நெய் என்ன. எல்லாம் சரியான நாள்ல மலையடிவாரம் வந்து சேரணும். பழம் ரெண்டு நாள் முந்தினா அழுகும், ஒரு நாள் பிந்தினா காய். அதைப் படியேத்தணும். உரிக்க ஒரு கூட்டம், பிசைய ஒரு கூட்டம், நடந்து வர்றவங்களுக்குச் சோறாக்க ஒரு கூட்டம். சாமான் வண்டி முன்னால போய் அடுப்பு மூட்டலைன்னா, பின்னால நடந்து வர்றவனுக்குப் பட்டினி.

எதிரணி நண்பர் எழுந்து, “ஐயா, அது பக்தி! அது ஒற்றுமை!”ம்பார். யார் இல்லைன்னா? பக்தி எல்லா ஊர்லயும் இருக்கு. பழனிக்கு எல்லா ஊர்க்காரனும்தான் உருகி உருகிப் போறான். அந்த ஒரு ராத்திரி எடப்பாடிக்காரங்களுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாத் தொடருதுன்னா, நான் அதுக்குக் காணுற காரணம் இதுதான்: அத்தனை பேரும் வந்தாலும் ஒழுங்கா வந்து ஒழுங்கா இறங்குவாங்கங்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குப் பேர்தான் முன்னேற்பாடு! (கைதட்டல்)

ஒரு விஷயத்தை நானே ஒத்துக்கறேன். முன்னேற்பாடுன்னா சாமான் பட்டியல் இல்ல. நிறைய மூட்டை கட்டினா நல்லாப் போய்ச் சேர்ந்துடலாம்னு நினைக்காதீங்க. அதுக்கு ஒரு கதை இருக்கு. கட்டுக்கதை இல்ல, சரித்திரம்.

ஆஸ்திரேலியாவில, 1860ஆம் வருஷம் ஆகஸ்ட் 20ஆம் தேதி. மெல்போர்ன் நகரத்திலிருந்து ஒரு பெரிய கூட்டம் புறப்படுது. தெற்கிலிருந்து வடக்கே கடல் வரைக்கும், நடுவுல இருக்கிற வறண்ட பூமியைக் குறுக்கே கடக்கணும். தலைவன் பேர் பர்க். 19 ஆள், 23 குதிரை, 26 ஒட்டகம், 6 வண்டி. ஒட்டகத்துல பெரும்பாலானது அந்நாள் இந்தியாவில, கராச்சியிலிருந்து கப்பல் ஏறிப் போனது. சாமான் சுமார் 20 டன். சாப்பிட மேஜை, உக்கார நாற்காலி எல்லாம் ஏத்தினாங்க. நம்ம ஆளுங்க அம்மிக்கல்லை எடுத்துக்கிட்டுப் போற மாதிரி! (சிரிப்பு)

பாதி வழியில கூப்பர் ஓடைன்னு ஒரு இடம். அங்க கூடாரம் போட்டு, பிராகேங்கிற ஆளையும் இன்னும் சிலரையும் விட்டுட்டு, “மூணு மாசம் காத்திரு”ன்னு சொல்லி, டிசம்பர் 16ஆம் தேதி பர்க், வில்ஸ், கிங், கிரேன்னு நாலு பேர் வடக்கே போனாங்க. கடலை எட்டுற தூரம் வரை போயிட்டாங்க. திரும்புற வழியில சாப்பாடு தீர்ந்தது. ஏப்ரல் மாசம் கிரே செத்துப்போனார். மத்த மூணு பேரும் உயிர் போற களைப்பிலயும் ஒரு நாள் நின்னு, குழி தோண்டி, நண்பனை அடக்கம் பண்ணிட்டு நடந்தாங்க.

இங்க பிராகே என்ன பண்றார்? மூணு மாசம்னு சொன்னவங்களுக்காக நாலு மாசத்துக்கு மேல காத்திருக்கார். கூட இருந்த ஒருத்தருக்கு உடம்பு மோசமாப் போச்சு. இனி தாங்காதுன்னு 1861 ஏப்ரல் 21ஆம் தேதி காலையில, ஒரு மரத்துல ‘தோண்டு’ன்னு செதுக்கி, அடியில கொஞ்சம் உணவும் கடிதமும் புதைச்சுட்டுப் புறப்படுறார்.

அதே ஏப்ரல் 21. அதே நாள் சாயங்காலம். பர்க், வில்ஸ், கிங் மூணு பேரும் தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்றாங்க. தோண்டிப் பார்த்தா, இன்னிக்குக் காலையிலதான் போனோம்னு கடிதம். நாலு மாசம் காத்திருந்தவன் போய் நாலு சாமம் ஆகலை! (அரங்கில் அமைதி)

அதோட முடியலைங்க. பர்க் ஒரு பதில் கடிதம் எழுதி, அந்தக் குழியிலேயே புதைச்சு, மண்ணைப் பழையபடி மூடினார். மரத்துல புதுசா ஒரு கோடுகூடக் கிழிக்கலை. வேற பக்கமா நடந்து போனாங்க. மே மாசம் 8ஆம் தேதி பிராகேவுக்கு மனசு கேக்கலை. திரும்பி வந்து பார்த்தார். மண் கலையலை, அடையாளம் இல்ல. யாரும் வரலைன்னு நினைச்சுப் போயிட்டார். பர்க்கும் வில்ஸும் அங்கேயே செத்தாங்க. கிங் ஒருத்தரை அந்த மண்ணின் ஆதிவாசிகள், யாண்ட்ருவாந்தா மக்கள், சோறு போட்டுக் காப்பாத்தினாங்க. செப்டம்பர்ல தேடி வந்தவங்க அவரை உயிரோட கண்டாங்க.

இப்ப எதிரணியைக் கேக்குறேன். இந்தக் கதையில நல்ல மனசுக்கு எங்க குறை? செத்த நண்பனுக்காக ஒரு நாள் நின்னது நல்ல மனசு. சொன்ன கெடு தாண்டியும் காத்திருந்தது நல்ல மனசு. போனவன் திரும்பி வந்து பார்த்தது நல்ல மனசு. இல்லாமப் போனது என்ன? “நான் வந்துட்டுப் போனா இந்த இடத்துல இந்த அடையாளம் வைப்பேன்”ங்கிற ஒரே ஒரு ஏற்பாடு. 20 டன் சாமான் ஏத்தினவங்க, ஒரு கோடு கிழிக்கிறதைப் பேசி வெச்சுக்கலை! (நீண்ட கைதட்டல்)

இன்னிக்கு அதே நாட்டுல பாலைவனத்து ஓரமா பேர்ட்ஸ்வில்னு ஒரு சின்ன ஊர். 1882லிருந்து அங்க குதிரைப் பந்தயம். ஆயிரக்கணக்கான ஜனம் காருக்குப் பின்னால வீட்டு வண்டியை இழுத்துக்கிட்டுக் கூட்டம் கூட்டமாப் போறாங்க. அந்தப் பக்கம் போறவங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கிறது என்ன தெரியுமா? தண்ணி எடு, உபரி டயர் எடு, எந்த வழியாப் போறே, எப்பத் திரும்புவேன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போ. வண்டி நின்னா வண்டியை விட்டு நகராதே. பர்க் கதையைப் படிச்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

தூரத்துக் கதை வேணாமா? மதுரைக்கு வாங்க. 2023 ஆகஸ்ட் 26. உத்தரப் பிரதேசத்திலிருந்து தென்னாட்டுக் கோயில்களைப் பார்க்க வந்த கூட்டம். மதுரை ஸ்டேஷன்ல நின்ன சுற்றுலாப் பெட்டியில விடியக்காலையில தீப்பிடிச்சது. ரயிலில் கொண்டுபோகக் கூடாத கேஸ் சிலிண்டர் உள்ளே இருந்தது. ஒன்பது உயிர் போச்சு. ராமேஸ்வரத்தை நினைச்சு வந்தவங்க. அவங்களுக்குள்ள அன்பு இல்லையா? ஒருத்தருக்கொருத்தர் டீ போட்டுக் குடுக்கிற அன்பு நிறையவே இருந்தது. எதை எடுத்துக்கிட்டுப் போகணும்ங்கிறது பாதி ஏற்பாடு. எதை எடுக்கவே கூடாதுங்கிறது மீதிப் பாதி.

“கணக்கு எழுதினா, நேரம் குறிச்சா, பாசம் போயிடும்”னு எதிரணியில ஒருத்தர் வருத்தப்பட்டார். ஐயா, இது வெல்ல மண்டி இருக்கிற ஊரு. வெள்ளிக் கொலுசு செய்யற ஊரு. சொந்தத் தம்பிக்கே வித்தாலும் தராசில வெச்சுத்தானே குடுப்பீங்க? எடை போட்டதால அண்ணன் தம்பி உறவு அறுந்து போச்சா? எடை போடாத இடத்துலதான் அறுந்து போச்சு! (கைதட்டல்) போறப்ப ஒரே வேன்ல சிரிச்சுக்கிட்டுப் போன நாலு குடும்பம், வந்தப்புறம் டீசல் காசுக்கும் டோல்கேட் காசுக்கும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிறதை நாம பார்த்ததில்லையா? முதல் நாளே ஒரு நோட்டுப் போட்டிருந்தா உறவு மிஞ்சியிருக்கும்.

நிறைவா ஒண்ணு சொல்லிடறேன். நடுவர் மணியில கை வெச்சுட்டார். (சிரிப்பு)

ஏற்பாடு இல்லாத பயணத்துல யார் போக முடியும்? இளவட்டம் போகலாம். அவன் பசி தாங்குவான், பஸ் ஸ்டாண்டுல படுப்பான். ஆனா அந்த வீட்டுல ஒரு பாட்டி இருக்கா. சாகறதுக்குள்ள ஒரு தடவை அந்த மலையைப் பார்க்கணும்னு ஆசை. “நீ வந்தா தொந்தரவு ஆத்தா, பிரசாதம் கொண்டாறோம்”னு சொல்லி விட்டுட்டுப் போறாங்க. பாட்டி தொந்தரவு இல்லைங்க. பாட்டிக்குன்னு ஒரு ஏற்பாடு பண்ணாததுதான் தொந்தரவு. மாத்திரை எந்தப் பையில, படியேற எந்த வழி, யார் கையைப் பிடிச்சுக்கிறது, இந்த மூணையும் முதல் நாளே பேசினா பாட்டியும் வண்டியில இருப்பா.

கூட வர்ற பெண்களைக் கேளுங்க. வண்டி எங்க நிக்கும், எப்ப நிக்கும்னு யாரும் சொல்றதில்ல. அதனால காலையிலிருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருப்பாங்க. ஆம்பளைங்க ரோட்டோரம் நிறுத்தி இறங்கிட்டு, “ஆஹா, என்ன ஒத்துமையான பயணம்!”ம்போம். தொண்டை வறண்டு உக்காந்திருக்கிறவளைக் கேட்டா தெரியும் அந்த ஒத்துமையோட லட்சணம். (தாய்மார்கள் பகுதியிலிருந்து நீண்ட கைதட்டல்) ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நல்ல கழிப்பிடம் இருக்கிற இடமாப் பார்த்து நிறுத்துறதுன்னு ஒரு வரி எழுதி வையுங்க. அதைவிடப் பெரிய அன்பு எதுங்க?

அதனால, இந்த ஆடிக்கோ அடுத்த தைக்கோ நீங்க வண்டி கட்டினா நாலே நாலு விஷயம் பேசிட்டு ஏறுங்க. மெதுவாப் போற வண்டி முன்னால போகட்டும். வேகமா ஓட்டுறவன் பின்னால வரட்டும். தவறிப்போனா எங்க சேர்றது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, இதைக் குழந்தைக்கும் சொல்லி வையுங்க. போன் வேலை செய்யாத மலையில பேச்சுதான் துணை. நிறுத்தின இடத்துல எல்லாம் தலையை எண்ணிட்டு வண்டியை எடுங்க. கணக்கு நோட்டு ஒருத்தர் கையில இருக்கட்டும்.

முன்னால போற வண்டிக்குத் திட்டம் வேணாம்; அது எப்படியும் போய்ச் சேர்ந்துடும். கடைசி வண்டிக்காக, கடைசியா ஏறுற ஆளுக்காகப் போடுறதுதான் திட்டம். மன ஒற்றுமை வேணாம்னு நாங்க சொல்லலை. புறப்படுற அன்னிக்கு அது எல்லாருக்கும் இருக்கு. அச்சு முறியற அன்னிக்குத்தான் அது காணாமப் போகுது. அப்ப அந்த ஒற்றுமையையே காப்பாத்திக் கொண்டுவந்து சேர்க்கிறது அடியில கட்டி வெச்ச சேம அச்சு. அந்தச் சேம அச்சே முன்னேற்பாடு!

ஆகவே, பலர் கூடிப் போகும் பயணம் நல்லபடியாக முடியப் பெரிதும் வேண்டியது முன்னேற்பாடே, முன்னேற்பாடே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். 

(பலத்த கைதட்டல்)